ஒரே வேலைக்கு மூன்று வழியாகப் போன ரெஸ்யூம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் நின்றால் போதும், அடுத்த வாரம் இண்டர்வியூவில் யார் யார் முழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு ரெஸ்யூம் ஃபைல். பெயரையும் மார்க்கையும் மாற்றி எல்லோருக்கும் அதையே பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு நானும் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறியவன்தான். அதில் இருந்த அப்பா பெயர் வேறு யாரோ ஒருவருடைய அப்பாவின் பெயர். கேட்டில் இருந்த செக்யூரிட்டிதான் படித்துப் பார்த்துச் சொன்னார்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி வேலை பார்க்கிறேன். எழுத்துப்பிழை, மாற்றிவிட்ட போன் நம்பர், தூங்கி எழுந்த குரலில் போன் எடுப்பது, இதெல்லாம் தப்பு என்று உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். வேலை தேடுகிறவர்கள் தப்பு என்றே தெரியாமல் செய்வதை மட்டும் சொல்கிறேன்.

நாலு பக்கம் வலை வீசுவது

போன வாரம் அதே கடையில் ஒரு தம்பி, பி.இ. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவன், ரொம்ப சந்தோஷமாகச் சொன்னான்: "நாலு கன்சல்டன்சில குடுத்து வச்சிருக்கேண்ணா. எதுலனா ஒண்ணுல மாட்டும்." எந்தெந்த கம்பெனிக்குப் போயிருக்கு என்று கேட்டேன். "அது தெரியாதுண்ணா, அவங்களே அனுப்பிக்குவாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2012-ல் நான் சொன்னதும் இதேதான்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் ஆள் தேவை. ஒரே வாரத்தில் மூன்று கன்சல்டன்சியிலிருந்து கூப்பிட்டார்கள். "பெரிய எம்.என்.சி., ஒரகடம்" என்றார்களே தவிர, பெயரைச் சொல்லவில்லை. மூன்றும் ஒரே இடம் என்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று பேரிடமும் "அனுப்புங்க சார்" என்றேன். முதல் ஆளிடம் வாங்கும் சம்பளத்தை உள்ளபடி சொன்னேன். அடுத்தவரிடம் கொஞ்சம் தைரியம் வந்து ஏற்றிச் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

இண்டர்வியூ நன்றாகப் போனது. மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்கள், அளந்தேன். மேனேஜர் கைகுலுக்கி அனுப்பினார். வீட்டில் அம்மா கேசரி கிண்டிவிட்டாள். மூன்றாவது வாரம் எச்.ஆர். கூப்பிட்டார். "உங்க புரொஃபைல் மூணு வழியா வந்திருக்கு. மூணுலயும் சம்பளம் வேற வேற. நீங்க யார் மூலமா வந்தீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அதோடு அந்த வேலை போயிற்று.

உள்ளே நடப்பது இதுதான். ஆளைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்கு கம்பெனி பணம் தரும். வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இந்தத் தொழிலில் பரவலான கணக்கு. அந்தப் பணம் யாருக்கு என்பதில்தான் சண்டை. உங்கள் ரெஸ்யூம் கம்பெனியின் சாஃப்ட்வேரில் ஏறும்போது ஈமெயிலையும் மொபைல் நம்பரையும் வைத்து, இந்த ஆள் ஏற்கெனவே வந்தவர் என்று அது காட்டிவிடும். முதலில் அனுப்பியவருக்கே உரிமை. ஒப்பந்தத்தைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ அந்த உரிமை நிற்கும். அதற்குள் உள்ளே வேலை பார்க்கும் உங்கள் மாமா பையன் ரெஃபரல் கொடுத்தாலும் பெரும்பாலும் செல்லாது. இரண்டு கன்சல்டன்சி ஒரே ஆளுக்கு அடித்துக்கொண்டால் கம்பெனி பஞ்சாயத்து பண்ணிக்கொண்டு இருக்காது. லிஸ்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.

இதில் பாதித் தப்பு எங்கள் தொழிலில் இருப்பவர்களுடையது. கேட்காமலேயே ரெஸ்யூமைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் கூப்பிடுகிறவரிடம் கம்பெனி பெயர், இடம், என்ன வேலை என்று கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால், "அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லுங்க, நான் சரின்னு சொன்னப்புறம் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கன்சல்டன்சி, கம்பெனி, சொன்ன சம்பளம் என்று கோடு போட்டு எழுதி வையுங்கள். ஏற்கெனவே போன இடம் என்றால், "இங்க வேற ஆள் மூலமா போயிருக்கேன் சார்" என்று உடனே சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டார்கள். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரு பெண்ணின் நம்பரைத் தனியாகக் குறித்து வைத்தேன், அடுத்த மாதம் மணலியில் வந்த வேலைக்கு முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.

செய்த வேலையை விட்டுவிட்டு 'ஃப்ரெஷர்' என்று போடுவது

காசிமேட்டுப் பையன் ஒருவன். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் 'சும்மா இருந்தேன்' என்றான். கையைப் பார்த்தால் சும்மா இருந்த கை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்களே, அங்கே சித்தப்பாவோடு டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டியிருக்கிறான். இரண்டு சீசன், ஏழு படகு. "அதெல்லாம் எழுதலாமாண்ணா?" என்று கேட்கிறான்! 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படுபவர்' என்று கடைக்காரர் அடித்திருந்த நாலு வரியை அடித்துவிட்டு, எத்தனை இன்ஜின், என்ன கோளாறு, எதை மாற்றினான் என்று மூன்று வரி எழுத வைத்தேன்.

ஊரை மறைப்பது

வியாசர்பாடி என்று போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணா நகர் அத்தை வீட்டு முகவரியைப் போடுகிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் முதல் ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் எங்கே ஏற்றும் என்று பேச்சு வரும்போது குட்டு உடையும். வீட்டு எண் வேண்டாம். ஏரியா பெயரும் பின்கோடும் போதும்.

சம்பளத்தை ஏற்றிச் சொல்வது

பே ஸ்லிப் கேட்பார்கள்.

வேலை பார்த்த மாதத்தை நீட்டுவது

பி.எஃப். கணக்கில் தேதி இருக்கிறது.

ஆதார் எண், மதம், சாதி

ரெஸ்யூமில் எதற்கு?

ரெஜிஸ்ட்ரேஷன் பணம்

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட. எங்களுக்குக் காசு கொடுப்பது கம்பெனி.

'என்னாச்சு சார்?'

இண்டர்வியூ முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு மெசேஜ் போடுங்கள், பெயரையும் எந்த வேலை என்பதையும் சேர்த்து. வெறும் 'ஹாய் சார்' வேண்டாம். எனக்கு இன்று காலையிலிருந்து பதினொரு 'ஹாய் சார்' வந்திருக்கிறது, யார் யார் என்று தெரியவில்லை.