வாயு, வெப்பம், கரைசல்: முதலில் அலகைப் பாருங்கள்

விடைத்தாள் திருத்தும்போது சூத்திரத்துக்கு முன்னால் அலகைத்தான் பார்ப்பேன். சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம், சறுக்குவது அலகில். கேள்வியில் உள்ள எண்களை அலகோடு ஓரமாக எழுதி, மாற்ற வேண்டியதை அங்கேயே மாற்றிவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.

வாயுக் கணக்கில்தான் இதற்கு வேலை அதிகம். 27 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில், 500 மில்லிலிட்டர் வாயு இருக்கிறது. எத்தனை மோல்? அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி, அதை வாயு மாறிலி, வெப்பநிலை இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். மாறிலியை 0.0821 என்று எடுத்தால் லிட்டர், வளிமண்டலம், கெல்வின் தவிர வேறு எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆக, 0.5 லிட்டர், 27 + 273 = 300 கெல்வின். விடை சுமார் 0.0203 மோல். 27-ஐ அப்படியே போட்டால் பதினோரு மடங்கு கூடுதலாக வரும். 8.314 எடுக்கிறீர்களா? அழுத்தம் பாஸ்கலில், கனஅளவு கனமீட்டரில் இருக்கட்டும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி: இதே நிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24.6 லிட்டர் இடம் பிடிக்கும். அரை லிட்டர் என்றால் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு மோல்.

வெப்பத்தில் நிலைமை தலைகீழ். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். அப்படியானால் 200 கிராம் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்க 200 × 4.18 × 40 = 33,440 ஜூல், அதாவது 33.4 கிலோஜூல். இங்கே வேண்டியது வெப்பநிலை வேறுபாடு மட்டுமே. கெல்வினிலும் அது 40தான். வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்!

கரைசலுக்கு வருவோம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டும். 0.1 × 0.25 = 0.025 மோல், மோலார் நிறை 40, ஆக 1 கிராம். 250 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து அதில் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, திட்டக் குடுவையில் ஊற்றிக் குறிவரை நிரப்புங்கள். இந்த உப்புமூலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், துல்லியமான செறிவு வேண்டுமானால், செறிவு தெரிந்த அமிலத்தோடு வினைப்படுத்தித் தரம்பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அதையே 0.02 மோலாராக நீர்க்கச் செய்ய, முதல் செறிவு × முதல் கனஅளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கனஅளவு. 250 மில்லிலிட்டர் தேவை என்றால் 50 மில்லிலிட்டர் எடுத்தால் போதும். இருபுறமும் மில்லிலிட்டரே இருப்பதால் லிட்டராக மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.