மடிக்கணினியோடு பினாங்குக்கு: டிஇ ராந்தாவ் பாஸ் எடுக்க நினைப்பவர்களுக்கு

நான் சென்னைக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டர். வேலை பார்ப்பது மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருந்து. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை செய்துகொண்டே மலேசியாவில் தங்க அனுமதிக்கும் பாஸ்தான் டிஇ ராந்தாவ். "எப்படிப் போனீங்க, நாங்களும் வரலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்டால் முதலில் நான் கேட்பது இதைத்தான்: கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதா?

மேனேஜர் வாயால் "சரி, போயிட்டு வாங்க" என்று சொன்னால் போதாது. ஹெச்.ஆர். கையெழுத்தோடு கடிதம் வேண்டும். உங்கள் பதவி, சம்பளம், மலேசியாவிலிருந்து வேலை செய்ய அனுமதி, அது எந்தத் தேதிவரை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிளையண்ட் டேட்டாவை இந்தியாவுக்கு வெளியே திறக்கக்கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அதையும் ஐ.டி. செக்யூரிட்டி ஆட்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்த பிறகு விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) முடக்கப்பட்டால் வேலையே ஆட்டம் காணும்.

பாஸுக்கு வருவோம். 2022 அக்டோபரில் மலேசிய அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் இதைத் தொடங்கியது. 3 முதல் 12 மாதம் வரை கிடைக்கும். அப்புறம் இன்னும் 12 மாதம் புதுப்பிக்கலாம். ஐ.டி., டிஜிட்டல் வேலை செய்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வேண்டும். மற்ற துறைகள் என்றால் 60,000 டாலர். அதனால் உங்கள் பதவியின் பெயர் எந்தப் பக்கம் விழுகிறது என்பது பெரிய விஷயம். கட்டணம் 1,000 ரிங்கிட், கூட வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 500. விண்ணப்பிக்கும் நாளன்று எம்டெக் தளத்தில் இவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி 3 மாத சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். சீட்டில் உள்ள நிகரத் தொகையும் கணக்கில் விழுந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அலவன்ஸ் தனியாக வந்திருந்தால் அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதி இணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது இன்னும் 14 மாதம் செல்லுபடியாக வேண்டும். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்கு நாளாகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம். ஊரைப் பார்த்து, வீட்டுத் தெருவைத் தேர்ந்தெடுக்க அது நல்ல வாய்ப்பு. அந்த வருகையில் ஆபீஸ் வேலையைத் திறக்காதீர்கள்.

வரி விஷயத்தில் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். சம்பளம் இந்தியக் கணக்கில்தானே விழுகிறது, மலேசியாவில் என்ன வரி என்கிறார்கள். சட்டம் பார்ப்பது நீங்கள் எங்கே உட்கார்ந்து உழைத்தீர்கள் என்பதை. ஒரு ஆண்டில் 182 நாள் தங்கினால் மலேசியாவில் வரி விஷயத்தில் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். மலேசியாவில் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச். இரு நாடுகளுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதை உங்கள் விஷயத்தில் எப்படிப் பொருத்துவது என்பதை ஆடிட்டரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாடகைக்கு வழக்கம் இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம். ஆக மூன்றரை மாத வாடகை கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி ஸ்டாம்ப் செய்யச் சொல்லுங்கள். "ஃபைபர் இன்டர்நெட் இருக்கு" என்று ஏஜென்ட் சொன்னால் கட்டடத்தில் இருக்கிறதா, அந்த வீட்டுக்குள்ளேயே லைன் வந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி. சென்னையின் காலை 10 மணி மீட்டிங் இங்கே பகல் 12:30. காலை முழுக்க நம்முடையது. எனக்கு மார்க்கெட்டும் தண்ணீர்மலைக் கோயில் படிகளும் அதில் அடங்கிவிடும். ஆனால் வேலை முடிய இரவு 9:30 தாண்டும். பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

மலேசிய பிளக் மூன்று சதுர முள் உள்ளது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இந்தப் படிவத்துக்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.