ராயபுரம் ராயபுரத்தைவிடப் பழையதா?

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறேன். போன வாரம் திருத்திய விடைத்தாள்களில், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு எழுதும்போது பள்ளி நாள்களில் நான் செய்த அதே பிழை திரும்பத் திரும்ப வந்தது. ‘பெட்டர்’, ‘வொர்ஸ்’ என்பதற்குப் பதில் ‘குட்டர்’, ‘பேடர்’ என்று எழுதும் சறுக்கல்கள் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோர் ஓல்டர்

‘ஓல்டர்’ போதும்.

எனி, எனி அதர்

“ராயபுரம் இஸ் ஓல்டர் தேன் எனி ஸ்டேஷன் இன் சென்னை.” தகவலில் குற்றமில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. சென்ட்ரல் வந்ததே 1873இல்தான். வாக்கியம்தான் தவறு. நான் இப்படி எழுதியபோது என் ஆசிரியர், “ஏன்டா, ராயபுரம் சென்னையில் இல்லையா?” என்று கேட்டார். சென்னையில்தான் இருக்கிறது. அப்படியானால் ராயபுரம் தன்னையும்விடப் பழையது என்றாகிவிடுகிறது. ‘எனி அதர் ஸ்டேஷன்’ என்றால்தான் கணக்கு நேராகும்.

பிழையின் வேர் நம் பேச்சில் இருக்கிறது. ‘சென்னையில் எந்த நிலையத்தையும்விட ராயபுரம் பழையது’ என்கிறோம். ‘வேறு’ என்ற சொல்லை விட்டாலும் தமிழில் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கில இலக்கணம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, ‘எனி அதர்’ என்பதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கம். அப்படிப் படித்த ஒரு மாணவி, “ராயபுரம் இஸ் ஓல்டர் தேன் எனி அதர் ஸ்டேஷன் இன் மதுரை” என்று எழுதினாள். ராயபுரம் மதுரையில் இருந்தால்தான் இது பொருந்தும். இங்கே ‘எனி ஸ்டேஷன்’ மட்டுமே சரி. ஒப்பிடும் பொருள் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியிலா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருந்தால் மட்டும் ‘அதர்’. சூப்பர்லேட்டிவை, அதாவது ‘மிகப் பழையது’ போன்ற உச்ச ஒப்பீட்டை, மாற்றி எழுதச் சொல்லும் தேர்வு வினாக்களில் பொருள் எப்போதும் உள்ளேதான் இருக்கும். அதனால் மனப்பாடம் அங்கே பலித்துவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது காலை வாருகிறது.

சீனியர், ஜூனியர்

ஒப்பிடும்போது இவற்றுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும்.

ஹார்ட்லி

பாடுபட்டு உழைப்பதற்கு ‘ஹார்ட்’, ஒப்பிட்டால் ‘ஹார்டர்’. ‘ஹார்ட்லி’ என்றால் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்று பொருளாகிவிடும். காசிமேட்டில் விடியும் முன்பே படகேறும் தன் அப்பாவைப் பற்றி ஒரு சிறுவன், “மை ஃபாதர் வொர்க்ஸ் மோர் ஹார்ட்லி தேன் எனிஒன் எல்ஸ்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ‘ஹார்டர்’ என்று அவன் கையாலேயே எழுதவைத்தேன்.