"சும்மா கலாய்ச்சேன், அதுக்குப் போய்…": அலுவலகக் கேலியில் நாம் செய்யும் தவறுகள்

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் எங்கள் குழுவில் ஏழு ஆண்கள், ஒரே ஒரு பெண். அவர் மீட்டிங் அறைக்குள் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "மேடம் வந்தாச்சு, இனிமே எல்லாரும் டீசன்ட்டா பேசுங்கப்பா" என்போம். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். நானும் ஒன்றிரண்டு முறை சொல்லியிருப்பேன். வேலையை விட்டுப் போன அன்று, பையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே வர்றதை எதுக்கு அறிவிச்சீங்க?" என்னிடம் பதில் இல்லை. அதில் கெட்ட வார்த்தை கிடையாது, ஆபாசம் கிடையாது. ஆனால் 'உன்னால் எங்களால் இயல்பாக இருக்க முடியவில்லை' என்று வாரத்துக்கு மூன்று முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்.

"அவங்களே சிரிச்சாங்களே" என்பதுதான் முதல் தவறு. அலுவலகத்தில் சிரிப்பதற்கு நகைச்சுவை மட்டும் காரணமில்லை. மேலதிகாரி சொன்னதற்காகச் சிரிப்பார்கள், பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று சிரிப்பார்கள், முகத்தைச் சுளித்தால் 'இவங்ககிட்ட எதுவும் பேச முடியாதுப்பா' என்று பெயராகிவிடுமே என்று சிரிப்பார்கள். சிரித்தாரா என்று பார்ப்பதை விட, அதே வேகத்தில் நம்மைத் திருப்பி ஓட்டியிருக்க அவரால் முடியுமா என்று பார்ப்பது நல்லது. முடியும் என்றால் அது கேலி. முடியாது என்றால் ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

"திருப்பிக் கலாய்க்க வேண்டியதுதானே, யார் தடுத்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் மாதிரி இருக்கிறது. ஒரு கடை மேலாளர் பேசும் உரையை ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நடிக்க வைத்துப் படம்பிடித்தார்கள். இருவருக்கும் ஒரே வசனம், ஒரே ஜோக்குகள். ஜோக்கோடு பேசிய ஆணுக்கு பார்த்தவர்களிடம் மதிப்பு கூடியது. அதே ஜோக்கைச் சொன்ன பெண்ணுக்குக் குறைந்தது. அவர் விளையாட்டுத்தனமானவர், வேலையில் கவனமில்லாதவர் என்று தோன்றிவிட்டது. திருப்பிக் கலாய்ப்பது அவருக்கு இலவசமில்லை.

அடுத்தது, "எனக்கு அந்த எண்ணமே இல்லை". நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவில் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருந்த டெரசா ஹாரிஸின் வழக்கைப் பாருங்கள். மற்றவர்கள் முன்னால் "நீ பொம்பளை, உனக்கென்ன தெரியும்?" என்பார் நிறுவனத் தலைவர். பெண் ஊழியர்களைத் தன் பேன்ட் பையிலிருந்து சில்லறை எடுக்கச் சொல்வார். பொருள்களைத் தரையில் வீசி, அவர்களைப் பொறுக்கச் சொல்வார். 1987ல் ஹாரிஸ் நேரில் போய்ப் புகார் சொன்னதும், விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று ஆச்சரியப்பட்டு மன்னிப்பும் கேட்டார். சில வாரங்களில் மறுபடி ஆரம்பித்தார். ஹாரிஸ் வேலையை விட்டுவிட்டு வழக்குப் போட்டார். அவர் மனம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லையே என்று கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. 1993ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு மாதிரி சொன்னது: ஒருவர் மனம் உடைந்து போகும்வரை சட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019ல் ஏற்றுக்கொண்ட 190ஆவது உடன்படிக்கையும் நோக்கத்தோடு நிற்கவில்லை. தீங்கு செய்யும் எண்ணம் இருந்தாலும் சரி, எண்ணமில்லாமல் தீங்கு விளைந்தாலும் சரி, விளைய வாய்ப்பிருந்தாலும் சரி, அது கணக்கில் வரும். ஒரே ஒரு முறை நடந்தாலும் வரும். வேலைப் பயணம், அலுவலக விருந்து, மொபைலில் வரும் வேலை சம்பந்தமான செய்திகள் எல்லாமே இதில் அடக்கம். ஆகவே 'அது ஆபீஸ்ல இல்ல, வாட்ஸ்அப் குரூப்லதானே' என்பதும் எடுபடாது.

ஜோக்கால் யாரும் கெட்டுப்போவதில்லை என்கிறார்களே? பாதி உண்மை. தாமஸ் ஃபோர்டு என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். பெண்களை மட்டம்தட்டும் ஜோக், மனதில் காழ்ப்பு இல்லாதவரைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஏற்கெனவே காழ்ப்பு இருப்பவருக்கோ, 'இங்கே இதெல்லாம் சகஜம் போல' என்ற தைரியத்தைக் கொடுக்கிறது. நீங்கள் நல்ல மனிதராகவே இருக்கலாம், உங்கள் ஜோக்கைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

பாராட்டு வேஷத்தில் வருவதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். "உனக்கு எதுக்கும்மா அந்த வெளியூர் வேலையெல்லாம், அலைச்சல்", "உங்க கையெழுத்து அழகா இருக்கும், மீட்டிங் குறிப்பை நீங்களே எழுதிடுங்க", "சிரிச்சாத்தான் நீங்க அழகு". சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். பகைமையோடு வரும் பாலின பேதம், பரிவோடு வரும் பாலின பேதம் என்று உளவியலாளர்கள் பீட்டர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்கும் 1996லேயே இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டாவது வகையில் கோபப்படக்கூட வழியில்லை. அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்ட அந்த வெளியூர் வேலையில்தான் பதவி உயர்வு இருந்திருக்கும்.

இரண்டு பேரை ஜோடி சேர்த்து ஓட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். "உன் ஆளு வர்றாரு பாரு" என்பது சொல்பவருக்கு ஒரு நிமிடப் பொழுதுபோக்கு. அந்த இருவரும் அதற்கப்புறம் ஒரு கோப்பைக் கொடுத்து வாங்கக்கூட யோசிக்க வேண்டும்.

ஆண்களுக்கு இது உறைக்காது என்று நினைப்பதும் தவறுதான். "பொம்பளை மாதிரி அழாதடா" என்பதில் ஒரே கல்லில் இரண்டு பேருக்கும் அடி. "ஆம்பளைங்களுக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் ஓடும்" என்று பெண்கள் சேர்ந்து சிரிப்பதும் இதே கணக்கில்தான் வரும். இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியை அவருடைய வழுக்கையைச் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டியது பாலினம் சார்ந்த துன்புறுத்தலே என்று 2022ல் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம் முடிவு செய்தது. வழுக்கை ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதுக்கு வம்பு, இனி பொண்ணுங்ககிட்ட பேசவே மாட்டேன்" என்று ஒதுங்குகிறவர்கள்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறார்கள். வேலை பற்றிய எத்தனையோ தகவல்கள் அரட்டையில்தான் கைமாறுகின்றன. அதிலிருந்து ஒருவரைத் தள்ளி வைத்தால், கேலி செய்ததை விடப் பெரிய இழப்பு அவருக்கு. ட்ராஃபிக், கிரிக்கெட், உயிரை வாங்கும் மென்பொருள், உங்கள் சொந்த ஞாபக மறதி என்று கலாய்க்க எவ்வளவோ இருக்கிறது.

பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரு வழி: சிரிக்காமல், "புரியலையே, கொஞ்சம் விளக்குங்களேன்" என்று கேட்பது. விளக்க ஆரம்பித்ததும் அந்த ஜோக் தானாகச் செத்துவிடும்.

தவறு நம்முடையது என்றால், "உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" வேண்டாம். அந்த 'இருந்தால்' பழியை எதிராளி தலையில் வைத்துவிடுகிறது. நான் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆனது. போன வருஷம்தான் அந்தப் பழைய சக ஊழியருக்குச் செய்தி அனுப்பினேன்: "நாங்க அப்போ செஞ்சது தப்பு. நானும் ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கேன். மன்னிச்சிடுங்க."

மாலையில் பதில் வந்தது. "பரவாயில்லை. ஆனா ஒன்றிரண்டு இல்லை, நீங்க ஆறு தடவை."