மறையூருக்கு இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள்

மூணாறு போகிறவர்களில் நிறையப் பேர் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருக்கும் மறையூருக்கென்று ஒரு மத்தியானத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். பதினோரு மணிக்குக் கிளம்பி, சந்தனக்காட்டு வேலியோரம் நின்று படம் எடுத்து, கொதிக்கிற வெயிலில் கற்திட்டைகள் என்கிற பழங்காலக் கல் சமாதிகளை ஒரு சுற்றுச் சுற்றி, வெல்லம் வாங்கிக்கொண்டு நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். ஒரு அணில்கூடக் கண்ணில் படவில்லை. அப்புறம் நாலைந்து முறை போய்த் தங்கி, விடிகாலையில் காட்டுக்குள் நடந்த பிறகுதான் அந்தப் பள்ளத்தாக்கு எனக்குப் பிடிபட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள், முடிந்தால் மூணாறு வழியாக இறங்காமல் உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறுங்கள்.

உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர், மறையூர் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. இரண்டு மாநில அரசுப் பேருந்துகளும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. முதலில் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு பாலத்தைத் தாண்டினால் கேரளத்தின் சின்னாறு சரணாலயம். ஆக, காடு இந்தச் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் முதலில் திறக்கும் நேரத்துக்குச் சோதனைச் சாவடியில் இருந்தால் யானையோ காட்டுமாடோ சாலையோரத்திலேயே நிற்கக்கூடும். பார்த்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், தள்ளி நிறுத்திக் காத்திருங்கள், அது தன் வேலையை முடித்துக்கொண்டு போகும். இரவில் இந்தச் சாலையில் போக விடமாட்டார்கள், இருசக்கர வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். கிளம்புகிற அன்றைக்கு என்ன நேரம் நடைமுறையில் இருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் சாவடியில் சோதிக்கப்படும், எடுத்துப் போகவே வேண்டாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் மழையும் பச்சையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் சின்னாறில் குழம்பிப் போவார்கள். குடைவேல மரமும் கள்ளியும் முள்ளும் சிவந்த மண்ணுமாக, பார்க்க ராமநாதபுரத்துப் பொட்டல் மாதிரி இருக்கும். தென்மேற்குப் பக்கத்தில் 2695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடியும் அதன் கூட்டத்து மலைகளும் பருவக்காற்றை மறித்து நிற்பதால், மேகம் மூணாறு பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே வெறும் காற்றாக வந்து சேர்கிறது. அங்கே வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, சின்னாறில் ஐந்நூறு வாக்கில்தான். கிடைக்கிற கொஞ்ச மழையும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்றே ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அமராவதிக்குப் போகிறது. இந்த வறட்சியும் அந்த ஆறும் சேர்ந்துதான் இங்கத்துக் காடு, மிருகம், கரும்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

எப்போது போகலாம் என்றால், என் தேர்வு மார்கழி, தை. பகலில் நடக்க முடியும், ராத்திரி மறையூருக்கு மேலே இருக்கிற காந்தளூர்ப் பக்கம் நல்ல குளிர் இருக்கும், கம்பளி அவசியம். சித்திரை வெயிலில் சின்னாறு தாங்காது. ஆனால் மிருகங்கள் தண்ணீருக்கு ஆற்றோரம் இறங்குவது அப்போதுதான் அதிகம். காட்டுத்தீ பயம் இருந்தால் நடைபயணத்தை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே விசாரிக்காமல் கோடையில் வராதீர்கள்.

சரி, சின்னாறில் என்ன பார்ப்பது? எனக்கு முதலிடம் நரை அணில். சாம்பல் நிறம், உடம்பளவுக்கு நீண்டு தொங்கும் புசுபுசு வால். நம் பக்கம் இதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் இருக்கிறது. கேரளத்தில் இதைப் பார்க்கச் சின்னாறுதான் இடம். ஆற்றோரத்து நீர்மருது, புளி, மா மரங்களில் காக்கைக் கூட்டைவிடப் பெரிதாக இலையும் குச்சியும் திணித்த பந்து தெரிந்தால் அது அணிலின் கூடு, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அலைந்து தேடினால் அது கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். காலை ஏழு மணிக்கு அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தீர்களானால் அதுவாகவே நகர ஆரம்பிக்கும், கிளை ஆட்டத்தை வைத்துப் பிடித்துவிடலாம். இதுபோக புள்ளிமான், கடமான், மந்தி, மழைக்குப் பிறகு நட்சத்திர ஆமை. பறவை பார்க்கிறவர்கள் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்காகக் காது கொடுங்கள், தென்னிந்தியாவுக்கு வெளியே அது கிடையாது.

சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர்தான், 1984-இல் அறிவிக்கப்பட்டது. உள்ளே தனியாக நடக்க அனுமதியில்லை, வனத்துறை ஏற்பாட்டில் முதுவர், மலைப்புலையர் என்ற பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டியாக வருவார்கள். இதை ஒரு நிபந்தனையாக நினைக்காதீர்கள், பயணத்திலேயே நல்ல பகுதி இதுதான். மண்ணில் ஒரு கீறலைக் காட்டி, நேற்று ராத்திரி கரடி கறையானைத் தோண்டியது என்று அவர்கள் சொல்வதை எந்தப் பலகையிலும் படிக்க முடியாது. முதுவர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருக்கமானது. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால்தான் முதுவர் என்று பெயர் வந்தது என்பது அவர்களுடைய கதை. நிதானமாகப் பேச்சுக் கொடுங்கள், பெரியவர்களை அண்ணா, ஐயா என்று கூப்பிடுங்கள், அவர்கள் குடியிருப்புக்குள் போனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். சரணாலயத்துக்குள் இருக்கும் ஆலாம்பெட்டியிலிருந்து கற்திட்டைகளுக்கும் பாறை ஓவியங்களுக்கும் நடை உண்டு, தூவானம் அருவிக்கும் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் முதலாவதைச் சொல்வேன். முழுக்கால் சட்டை போடுங்கள், காய்ந்த புல்லில் உண்ணி ஏறும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

கற்திட்டைகளை ஊர்க்காரர்கள் முனியறை என்பார்கள், முனிவர்கள் தங்கித் தவம் செய்த அறைகளாம். உண்மையில் இவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். எளிதாகப் போக வேண்டுமானால் காந்தளூர் வழியில் கோவில்கடவு, அங்கே பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயிலும் பக்கத்துப் பாறைக்குன்றில் வரிசையாகக் கற்திட்டைகளும் இருக்கின்றன. சாயங்காலம் நாலரைக்கு மேல் ஏறுங்கள். பாறை ஆறியிருக்கும், சாய்ந்த வெளிச்சம் கல்லறைகளுக்குள் விழும், கீழே கரும்பு வயல் முழுக்கத் தெரியும். இறந்தவர்களுக்கு இடம் தேடினவர்கள் ஏன் இந்தப் பாறையைத் தேர்ந்தார்கள் என்பது அங்கே நின்றால் ஓரளவு புரியும். மூடுகல்லின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பல திட்டைகள் ஏற்கனவே சரிந்து உடைந்து கிடக்கின்றன, தயவுசெய்து தொடாமல் பாருங்கள்.

இங்கே பலருக்கும் வீட்டில் பேச்சு தமிழ். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து முன்னோர் மலையேறி வந்து குடியமர்ந்ததாக இந்த ஊர்களில் சொல்கிறார்கள். நிர்வாகத்தில் இடுக்கி மாவட்டம், பலகையெல்லாம் மலையாளம், ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால் தேனி பக்கம் இருக்கிற மாதிரியே தோன்றும்.

சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக வளர்வது மறையூரில்தான். அது பாதி ஒட்டுண்ணி மரம், பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைக் கோத்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் தனியாக நட்டால் வளர மறுக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது ரகசியமாக ஒரு துண்டு விற்க வந்தால் விலகிப் போங்கள், வாங்குவதும் குற்றம்தான். உள்ளே மணக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், வாசனை மரத்தின் வயிரத்தில் இருக்கிறது.

இரண்டாவது நாள் காந்தளூருக்கு ஏறுங்கள். படிக்கட்டு வயல், பூண்டு, பழத்தோட்டம், அதற்கு மேல் மன்னவன் சோலை என்ற ஈரமான மலைக்காடு. சின்னாறின் முள்காட்டிலிருந்து கிளம்பி ஒரே காலைக்குள் பாசி தொங்கும் சோலை விளிம்புக்கு வந்துவிடலாம். மழைக்காலத்தில் சோலைப்பக்கம் அட்டை இருக்கும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

வெல்லத்தைக் கிளம்புகிற நாள் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் வெளியூர் வெல்லமும் கடைகளில் கலந்துவிட்டது, அதனால் கரும்பு வயலுக்கு நடுவே புகை தெரிகிற ஆலைக்கு நேராகப் போய்விடுங்கள். கொப்பரையில் பாகு காய்வதையும், சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிப்பதையும் நின்று பார்க்கலாம், ஒவ்வொரு உருண்டையிலும் விரல் தடம் பதிந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சளைத் தேடாதீர்கள், இந்த ஊர் வெல்லம் அடர்ந்த பழுப்பு.

மூணாறுக்குத் தொடர்கிறவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க நினைத்தால், குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். குறிஞ்சிக்காக வருகிறவர்களுக்கு அடுத்த பூப்பு 2030. உடுமலைக்கே திரும்புகிறவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள், சின்னாறு பாலத்தருகே நீர்மருதில் இன்னொரு முறை அணில் தேட ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும்.