ஸ்வீடன் துப்பறியும் நாவல் ஏமாற்றினால், கோளாறு எங்கே என்று கண்டறிவது எப்படி?

தருமபுரிப் புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கி வந்த ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல் நூறு பக்கம் தாண்டுவதற்குள் சலித்துவிட்டால், அந்த எழுத்தாளரையே ஒதுக்கிவிடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். அப்படி ஒதுக்குவதற்கு முன்னால், கோளாறு மூலத்தில் இருக்கிறதா, மொழிபெயர்ப்பில் இருக்கிறதா, அல்லது தொடரின் நடுவில் நுழைந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்த்துவிடுவது நியாயம்.

முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். மூலநூல் வெளியான ஆண்டும், மொழிபெயர்ப்பாளர் பெயரும், எந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்ற விவரமும் அங்கே இருக்க வேண்டும். ஸ்வீடிஷிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வருவது அரிது. பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகிறது. ஆங்கிலப் பதிப்பிலேயே சிக்கல் தொடங்கியிருக்கவும் கூடும். ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் புகழ்பெற்ற மூன்று நாவல்களை ஆங்கிலத்தில் தந்த ஸ்டீவன் மர்ரி, பதிப்பாளர் தரப்பில் செய்யப்பட்ட திருத்தங்களை ஏற்க முடியாமல், தம் பெயரை விலக்கிக்கொண்டு ரெக் கீலண்ட் என்ற புனைபெயரில் அவை வெளிவரச் செய்தார். இந்த விவரங்களில் எதையுமே அச்சிடாத நூலை நான் நம்பி வாங்குவதில்லை.

அடுத்து, தொடரில் அது எத்தனையாவது நாவல் என்று பாருங்கள். வாலண்டர் என்ற காவல் துப்பறிவாளரை வைத்து ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் எழுதிய தொடர் 1991இல் தொடங்கியது. அதில் 1992இல் வந்த இரண்டாம் நாவல் 2001இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது; 1995இல் வந்த ஐந்தாம் நாவலோ 1999இலேயே வந்துவிட்டது. இரண்டாவதில் லாட்வியா நாட்டின் ரிகா நகரத்தில் வாலண்டர் சந்திக்கும் பெண்ணோடு விடுமுறைக்குப் போக, ஐந்தாவதில் அவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். முந்தைய கதை தெரியாதவருக்கு அந்தப் பகுதிகள் தேவையற்ற இழுவையாகத்தான் தோன்றும். அதில் ஆசிரியரின் குற்றம் ஒன்றும் இல்லை.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். நாவலில் ஏதேனும் ஒரு விசாரணைக் காட்சியை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். வர்ணனையை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். சாட்சி தயங்குவதையும், மழுப்புவதையும், பொய் சொல்வதையும் ஒப்பேற்ற முடியாது. "கதவு அவரால் திறக்கப்பட்டபோது அறையானது காலியாக இருந்ததாகக் காணப்பட்டது" என்று ஒரு வாக்கியம் இருந்தால், "அவர் கதவைத் திறந்தார். அறையில் யாரும் இல்லை" என்று நீங்களே மாற்றிப் படித்துப் பாருங்கள். திகில் உடனே திரும்பி வந்துவிட்டால், மூலத்தில் உயிர் இருந்திருக்கிறது என்று பொருள். பெயர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கத்தில் ஜோஹான்சன் என்று வந்தவரே வேறொரு பக்கத்தில் யூஹான்சன் என்று வந்தால், வாசகர் சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கையில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைசிவரை குழம்புவார். துப்பறியும் கதையில் இதைவிடப் பெரிய பிழை எனக்குத் தெரியவில்லை. பிறகு, மின்னூல் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில முன்னோட்டத்தின் முதல் அத்தியாயத்தைத் தமிழோடு சேர்த்துப் படியுங்கள். ஆங்கிலம் விறுவிறுப்பாக ஓடித் தமிழ் மட்டும் தள்ளாடினால், விடை கிடைத்துவிட்டது.

இரண்டும் ஒன்றுபோலவே மந்தமாக இருந்தால், அந்த நாட்டு நடைமுறை தெரியாததால் அப்படித் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஸ்வீடனில் இளநிலைக் காவலரும் மேலதிகாரியைப் பெயர் சொல்லியே அழைப்பார். அதில் அவமரியாதையும் இல்லை, கதைக்கான குறிப்பும் இல்லை. பெரிய குற்றங்களில் ஒருவர் மீது தகுந்த சந்தேகம் விழுந்துவிட்டால், விசாரணையை அரசு வழக்கறிஞரே வழிநடத்துவார். எனவே துப்பறிவாளர் அவர் அனுமதிக்காகக் காத்திருக்கும் பக்கங்கள் வெறும் நிரப்பல் அல்ல. கொலை நடந்து 25 ஆண்டுகள் கடந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது என்ற விதி அங்கே 2010 வரை இருந்தது. பழைய வழக்கைத் தோண்டும் நாவல்களில் காணும் அவசரத்தின் காரணம் அதுதான்.

மாத நாவல்களின் வேகத்துக்குப் பழகிய நமக்கு இந்த நாவல்களின் நிதானம் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிதானம் வேண்டுமென்றே வந்தது. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 1965இல், ஸ்வீடன் எழுத்தாளர்களான மாய் ஷோவாலும் பெர் வாலூவும் மார்ட்டின் பெக் என்ற காவல் அதிகாரியை வைத்து நாவல்களை வெளியிடத் தொடங்கினார்கள். 1975 வரை வந்த பத்து நாவல்களையும் ஸ்வீடன் சமூகத்தின் மீதான ஒரே நீண்ட விமர்சனமாகவே அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். கொலையாளி யார் என்பதைவிட, எப்படிப்பட்ட சமூகம் அவனை உருவாக்கியது என்பதே அவர்களுக்கு முக்கியம். இந்த வகையைப் புதிதாகத் தொடங்குபவர் அங்கிருந்து வரிசையாகப் படிப்பதே சிறந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் நாவல் தேறவில்லை என்றால், அது மோசமான நாவல்தான். அதுவரை வாடையே காட்டாத ஒருவரைக் கடைசி ஐம்பது பக்கத்தில் கொண்டுவந்து கொலையாளி என்று நிறுத்துவதை எந்த நாட்டு எழுத்தாளர் செய்தாலும் வாசகர் மன்னிக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியரின் அடுத்த நூலைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிழை மொழிபெயர்ப்பில்தான் என்று உறுதியானால், பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். "படிக்க முடியவில்லை" என்று பொதுவாக எழுதினால் பயன் இருக்காது. பக்க எண், அச்சில் உள்ள வாக்கியம், அதற்குரிய ஆங்கில வாக்கியம் ஆகியவற்றை அருகருகே வைத்து, மாறி வரும் பெயர்களின் பட்டியலையும் இணைத்து, நீங்கள் படித்தது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் குறிப்பிட்டால், அடுத்த அச்சுக்கு முன்னால் அவர்கள் திருத்த வசதியாக இருக்கும்.