பழைய போர் காமிக்ஸ்: துருப்பிடித்த பின்னைக் கழற்றிக் காப்பாற்றுவது எப்படி

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பாக்கெட் சைஸ் போர் காமிக்ஸ் கிடைத்தால், காசு கொடுக்கும் முன் பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாள் உருவிப் போனால் நான்கு பக்கம் போகும், அதுவும் இரண்டு இடத்தில். 64 பக்க இதழில் 9, 10 இல்லையென்றால் 55, 56-ம் இருக்காது. சிப்பாய் பிடிபடும் காட்சியும் அவன் முகாம் முள்வேலியைத் தாண்டும் காட்சியும் சேர்ந்தே காணாமல் போவது இதனால்தான்.

வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள்; மற்ற புத்தகங்களுக்கும் பூச்சி பரவும். ஈரமில்லாமல் ஃபேன் காற்றில் உலர்த்தி, ஜிப் கவரில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணி நேரம் கவரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் நம்மூர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

அடுத்தது பின். நடுப்பக்கத்தை விரித்தால் பின்னின் இரண்டு கால்களையும் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரியும். அந்த இடத்துத் தாள் அப்பளம் போல நொறுங்கும். பின் ரிமூவர் போட்டு இழுத்தால் ஓட்டை கிழிந்து அட்டை கையோடு வரும். காலுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தி நுனியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து நேராக உருவுங்கள். புதிய பின் வேண்டாம், கடற்கரை ஊரில் அதுவும் துருப்பிடிக்கும். பழைய ஓட்டைகள் வழியாகவே பருத்தி நூல் கோத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். இறுக்கினால் நூலே தாளை அறுக்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாக ஊறி மறுபக்க வசனத்தையும் கெடுக்கும். பைண்டிங் கடைப் பசையும் ஆகாது. அதில் போடும் மயில் துத்தத்தின் (காப்பர் சல்பேட்) செம்பு தாளை அரிக்கும். 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் மீத்தைல் செல்லுலோஸ் என்ற பசைத்தூளை இரவு முழுக்க ஊறவைத்து, ஜப்பானிய டிஷ்யூ எனும் மெல்லிய நார்த்தாளில் மிக லேசாகத் தடவி ஒட்டுங்கள். தண்ணீர் கூடினால் நியூஸ்பிரிண்ட் சுருங்கி அலையலையாக நிற்கும்.

லேமினேஷன் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் திரும்ப எடுக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் கவர், பின்னால் அமிலமில்லா அட்டை, பெட்டியில் சிலிகா ஜெல். அக்டோபரில் மழை பிடிக்கும் முன் ஜெல்லை மாற்றிவிடுங்கள்.